ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

சரி அத்தான் என்று சொல்லிவிட்டேன். போனைக் காரின் கூரைமேல் வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைக்கிறது. புனிதா ரயிலில் வருகிறாளாம், ஜங்ஷனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம், இன்றைக்கு, பத்தரைக்கு மேல். நானும் சரி என்றிருக்கிறேன். இன்றைக்குப் பத்தரைக்கு மேல் எனக்குக் கல்யாணம். தன் கல்யாண நேரத்தில் தங்கையைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போக ஒப்புக்கொண்ட மணப்பெண் இந்த உறையூரில் என்னைத் தவிர யாராவது இருந்தால் காட்டுங்கள். இந்த வாயைத் தைத்துப் போட வேண்டும். மூத்தவள் திலகா அக்காவின் புருஷன் அவர், அத்தான் குரலைக் கேட்டால் போதும், அதுவாகச் சரி என்கிறது, நான் உள்ளே எங்கோ இருந்து எழுந்து வருவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. மங்கை, காரை எடு. சரி. மங்கை, சின்னவ இசைக்குப் பிரசவ வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், காரை எடு. சரி. மங்கை, என்னோட மேலதிகாரி குடும்பத்தோட வர்றார், கோயிலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போ. சரி, சரி, சரி. அத்தானிடம் புது வண்டி இருக்கிறது, வெள்ளை சீட், அதில் ரயிலிலிருந்து இறங்கிய மூட்டை முடிச்சுகளை ஏற்றினால் அழுக்காகிவிடும். என் வண்டி அழுக்காகாது. நானும் அழுக்காக மாட்டேன். பழைய நைட்டியில், கை நிறைய கிரீஸோடு, அப்பா விட்டுப்போன பியட் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன் நான். ஸ்பார்க் பிளக் நாலையும் வயர்களையும் மாற்றி முடித்துக் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது திட்டம். புடவை கட்டில்மேல் மடித்து இருக்கிறது. முதல் வயரைக்கூடத் தொட்டிருக்கவில்லை, அதற்குள் போன், அதற்குள் சரி. வந்த ஆத்திரத்தில் நாலு வயரையும் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு பக்கத்திலும் பிடுங்கிக்கொண்டு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டன.

செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். பிளக் வயரை மாற்றுகிற யாரும் செய்ய மாட்டார்கள். ஒன்றைக் கழற்று, அதே இடத்தில் புதியதை மாட்டு, அப்புறம் அடுத்தது. அப்படிச் செய்தால் எது எங்கே போகும் என்ற கேள்வியே வராது, சின்னக் குழந்தைகூடச் செய்துவிடலாம். இப்போது என் கையில் நாலு பழைய வயர் தொங்குகிறது, பானெட்டுக்குள் நாலு பிளக் தலையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறது, பக்கத்தில் டெல்கோ, அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் அனுப்புகிற அந்தக் கறுப்பு மூடி, நாலு ஓட்டையோடு என்னைப் பார்க்கிறது. நடுவில் ஐந்தாவது ஒன்று உண்டு, டெல்கோவுக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலிலிருந்து வருவது, அது மட்டும் பிழைத்தது. எந்த ஓட்டையிலிருந்து எந்த பிளக்குக்கு? முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் அப்பா ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார், திலகா அக்காவின் நகப்பூச்சால். ரேடியேட்டர் பக்கம் இருக்கிற முதல் பிளக்குக்கு அது. மூத்தவளுக்கு அடையாளம் உண்டு. மற்ற மூன்றுக்கும் அடையாளம் கிடையாது, வரிசை தெரிந்திருந்தால் போதுமாம். டெல்கோவுக்கு உள்ளே இருப்பது வலமாகச் சுற்றும், கோயிலைச் சுற்றுவது போல, புள்ளியிலிருந்து வலமாகப் போய்க்கொண்டே மாட்ட வேண்டும். என்ன வரிசையில்? எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். செத்தாலும் மறக்காது. ஆனால் அதை நினைக்க மாட்டேன், இன்றைக்கு மட்டும் நினைக்க மாட்டேன். மெக்கானிக் இருந்தால் அவன் பாட்டுக்கு மாட்டிவிட்டுப் போவான். அவன் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போய்விட்டான். வண்டி ஒரு வாரமாக மிஸ்ஸிங், நாலில் ஏதோ ஒரு பிளக் அடிக்காமல் விடுகிறது. மேட்டில் ஏறும்போது மூன்று கால் நாய் மாதிரி தத்துகிறது. இந்த வார்த்தையையும் நான் கேட்க விரும்புவதில்லை. மிஸ்ஸிங்.

நினைக்க மாட்டேன் என்றால் விடுகிறதா, அது வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இசையின் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். எல்லோரும் சமயபுரம் போய்த் திரும்புகிறோம். கொள்ளிடம் தாண்டியதும் வண்டி திக்கியது. அப்பா இறங்கிப் பானெட்டைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வயரை ஒவ்வொன்றாகத் தொட்டு முணுமுணுக்கிறார், ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. எந்த பிளக் எதற்குப் பின்னால் தீப்பொறி விட வேண்டும் என்ற வரிசை அது. பக்கத்தில் நின்ற அத்தான் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "என்ன மாமா, உங்க வீட்டுக் கல்யாண வரிசை மாதிரியே இருக்கே! ஒண்ணு, மூணு, நாலு. ரெண்டு மட்டும் இன்னும் அடிக்கல." பின் சீட்டில் திலகா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அம்மா "சும்மா இருங்க மாப்ளே" என்றாள், அவள் உதட்டிலும் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அதுதான். மற்றவர்கள் சிரித்ததைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு ஓட்டுவது நான்தானே. அன்றிலிருந்து யாராவது என் ஜாதகத்தைப் பற்றிக் கேட்டால் போதும், அத்தான் கண்ணடித்து "ரெண்டு மிஸ்ஸிங்" என்பார். செவ்வாய் தோஷம். அப்பா நாலு பெண்களுக்கும் தேடித் தேடிச் சைவப் பெயராக வைத்தார், திலகவதி, மங்கையர்க்கரசி, புனிதவதி, இசைஞானி. செவ்வாய் பெயரைப் பார்த்தா வருகிறது? எனக்காகப் புனிதாவை எத்தனை நாள் நிறுத்தி வைக்க முடியும் என்றார்கள். நல்ல இடம் கைவிட்டுப் போகும் என்றார்கள். சரி என்றேன். எனக்காக இசையை நிறுத்த முடியுமா என்று ஒருவரும் கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று. பூ அலங்காரம் செய்த இதே காரில் புனிதாவை மண்டபத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான். பின் சீட்டில் அவள் விசும்பிக்கொண்டே வந்தாள், "உனக்கு முன்னாடி நான் போறேனேக்கா" என்று. "மூக்கைத் துடை, மை கலையுது" என்றேன். கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன், திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் நானும் அழுதிருப்பேன்.

பிளக்குகளைக் கழற்றுவோம், அதற்கு வரிசை வேண்டாம். ஸ்பேனரை வைத்து ஒரு திருகு, வர மாட்டேன் என்கிறது, இன்னொரு திருகு, கை எலும்பு என்ஜினில் இடித்து உயிர் போகிறது. தோல் உரிந்து ரத்தம். மருதாணி இல்லாத குறை தீர்ந்தது. இரண்டாம் நம்பர் பிளக்கை முதலில் கழற்றினேன், அதுதான் கரி பிடித்துப் போயிருக்கும், வேறெது. பார்த்தால் அது இளம் பழுப்பாக, சுத்தமாக, நன்றாக எரிகிற அடுப்பின் திரி மாதிரி இருக்கிறது. மூன்றும் நன்றாக இருக்கிறது. நாலும் பரவாயில்லை. ஒன்றாம் நம்பர்தான் அட்டைக்கரி, பெட்ரோல் நாற்றம், முனை நனைந்து கிடக்கிறது. சிவப்புப் பொட்டு வைத்த மூத்தவள்! ஒரு வாரமாக மிஸ் அடித்தது அவள். இதை இப்போதே அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன? சிரிப்பு வருகிறது, தனியாகக் காரைப் பார்த்துச் சிரிக்கிறேன், எதிர்வீட்டு ரமணி மாடியில் துணி உலர்த்துகிறவள் எட்டிப் பார்க்கிறாள், பார்க்கட்டும். புது பிளக்குகளைக் கையாலேயே திருகி உட்கார வைத்து, பிறகு ஸ்பேனரால் முடுக்கினேன். இந்தக் காருக்குத் திக்குவதில் ஒரு நேரங்காலம் உண்டு. போன மழையில் கல்லூரி அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது அருளப்பன் சார் பஸ் கிடைக்காமல் நனைந்துகொண்டு நின்றார். எங்கள் கல்லூரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர், மனைவி போய்ப் பல வருஷம், சென்னையில் மகன். ஏற்றிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன், மழை, அவர் இறங்கித் தள்ளினார். கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு, நிறுத்தி, முன்னால் வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட, "மேடம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். "மொதல்ல தள்ளுங்க சார்" என்றேன். தள்ளினார். ஸ்டார்ட் ஆனது. ஏறி உட்கார்ந்தவர் திரும்பக் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது நான்தான் சொன்னேன். என் வாயிலிருந்து நானாகக் கூப்பிட்டு வந்த ஒரே சரி அதுதான்.

இன்னும் மேடம், இன்னும் சார். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதானா, சாப்பிட வாங்க சார், உப்பு போதுமா மேடம். ஆட்டோ கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம், நானே என் காரை ஓட்டிக்கொண்டு வருவேன் என்று பெருமையடித்தேன். இந்தக் கார் எங்கள் வீட்டு மணப்பெண்களை ஏற்றிப் போன கார், மூன்று பேரை ஏற்றியாயிற்று, நாலாவது ஆள் ஆட்டோவில் போய் இறங்குவதா? அந்த வீம்பு. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். அவர் மகன் ஒருவன், அவருடைய நண்பர் ஒருவர், மூன்றாவது ஆளை என் பக்கத்திலிருந்து கூட்டி வருகிறேன் என்று அதையும் சொல்லி வைத்திருக்கிறேன். யாரை? ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் திலகா அக்கா வீட்டில் கூட்டம் போடுவார்கள், இந்த வயசுல தேவையா, அதுவும் வேற மதத்துல, ஊர் என்ன சொல்லும், கடைசியில் அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு யோசிச்சுச் செய் மங்கை என்பார், நான் சரி என்பேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. எனக்கு அத்தான்மீதுகூடப் பயமில்லை. இந்த வாய்மீதுதான் பயம். புது வயர்களை உறையிலிருந்து எடுத்தேன். நாலும் ஒரே நீளம், அதிலும் ஒரு துப்பு இல்லை. வேகமாக மாட்டினேன். புள்ளி வைத்ததிலிருந்து ஒன்றுக்கு. வலமாக அடுத்த ஓட்டையிலிருந்து அடுத்த பிளக்குக்கு, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. ரப்பர் மூடியை அழுத்தும்போது டக் டக் என்று உட்காருகிற சத்தம் மனசுக்கு இதமாக இருந்தது. சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமியது. பிறகு டப் என்று ஒரு வெடி, கார்புரேட்டர் பக்கமிருந்து புகை, என்ஜின் மொத்தமும் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிட்டது. காகங்கள் கத்திக்கொண்டு பறந்தன. "என்னக்கா வெடிச்சுது?" என்று ரமணி மாடியிலிருந்து கத்தினாள். "ஒண்ணுமில்ல, கார்தான்" என்றேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறந்த வரிசையில் மாட்டி வைத்திருக்கிறேன். நான் மாட்டவில்லை, இந்தக் கை மாட்டியிருக்கிறது. வாய்தான் பேச்சுக் கேட்பதில்லை என்று பார்த்தால் கையுமா? எது நியாயமோ அப்படி மாட்டியிருக்கிறது, மூத்தவளுக்குப் பின் நான், எனக்குப் பின் புனிதா, அப்புறம் இசை. இந்த நியாயத்துக்கு என்ஜின் பதில் சொல்லிவிட்டது, டப். பெட்ரோல் நாற்றம் தலைக்கு ஏறுகிறது. ஒரு யோசனை, நல்ல பாம்பு மாதிரி மெல்ல வந்து தலையெடுக்கிறது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிவிட்டால்? இரண்டு பேருக்கும் சொல்லிவிடலாம். அத்தானுக்கும் சொல்லலாம், சாருக்கும் சொல்லலாம். யார்மீதும் குற்றமில்லை, கார் பழசு. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு நாள், இன்னொரு நாள் என்றுதான் ஐம்பத்திரண்டு வயசாயிற்று. புடவையைத் திரும்ப பீரோவில் வைத்துவிடலாம். சீயக்காய் போட்டுத் தேய்த்தால் கிரீஸ் போய்விடும். எவ்வளவு சுலபம். ஆனால் எனக்கு அவர் வேண்டும். கண்ணாடியைத் தட்டிக் கேட்டாரே, அந்த மனிதர் எனக்கு வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்லக்கூட எனக்கு இந்தக் கார்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. போன் அடித்தது. அத்தான் என்று நினைத்தேன். சார்.

"மேடம், கிளம்பிட்டீங்களா?"

"எங்க கிளம்ப. வயரை மாத்தி மாட்டிட்டேன். வெடிக்குது."

"வெடிக்குதா? அய்யோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ராகு காலம் வேற பத்தரைக்கு ஆரம்பிக்குது."

"அப்படின்னா? எத்தனை மணிக்கு முடியும் மேடம்? ஆபீசர்கிட்ட வேணா கேட்டுப் பாக்கவா?"

"ஒண்ணும் கேக்க வேணாம். நான் ராகு காலம் பாக்கறேன்னா சொன்னேன்? ஞாபகம் வருதுன்னு சொன்னேன்."

"சரிங்க மேடம். ஆட்டோ அனுப்பட்டுமா? இல்ல நான் வந்து தள்ளட்டுமா?"

தள்ளட்டுமா என்கிறார். வெள்ளை வேட்டி சட்டையில் பதிவு அலுவலக வாசலில் நின்றுகொண்டு, தள்ளட்டுமா என்று கேட்கிறார். இத்தனை வருஷத்தில் இந்தக் காரை எடு என்று சொன்னவர்கள்தான் எனக்குச் சொந்தம், தள்ளுகிறேன் என்று சொன்னவர் இவர் ஒருத்தர். "வேணாம், வர்றேன். அங்கேயே இருங்க" என்று வைத்துவிட்டேன். நாலு வயரையும் மறுபடி பிடுங்கினேன். சரி, வா, அந்தக் கொள்ளிடத்துச் சிரிப்பே வா, உன்னைச் சொல்லாமல் இந்தக் கார் கிளம்பாது. ஒண்ணு, சத்தமாகவே சொன்னேன். மூணு. நாலு. கை நின்றுவிட்டது. கடைசி வயரும் கடைசி ஓட்டையும் மிச்சம், அது இரண்டுக்கு. அத்தான் சொன்னது பொய்யில்லையே, கடைசிதானே. எரிச்சலில் அந்தக் கறுப்பு மூடியை முறைத்துக்கொண்டு நின்றேன், அது பாட்டுக்கு வட்டமாக இருக்கிறது. வட்டம். உள்ளே சுற்றுகிறது நாலோடு நின்றா போகிறது? இரண்டுக்கு அடுத்து ஒன்று, ஒன்றுக்கு அடுத்து மூன்று, நாலு, திரும்ப இரண்டு. இதில் எது முதல், எது கடைசி? புள்ளி வைத்ததால் ஒன்று முதலாயிற்று, அவ்வளவுதான், அப்பா கையில் நகப்பூச்சு இருந்தது. மாட்டிய மூன்றையும் உருவினேன். கிறுக்குத்தனம்தான், நேரமாகிறது, இருந்தும் உருவினேன். இரண்டாம் பிளக்கிலிருந்து தொடங்கினேன். ரெண்டு, ஒண்ணு, மூணு, நாலு. போய் உட்கார்ந்த இடம் எல்லாம் அதே இடம்தான், ஒரு வயரும் மாறவில்லை. எண்ண ஆரம்பித்த இடம்தான் வேறு. சாவியைத் திருப்பினேன். ஒரு முறை கனைத்தது, பிடித்துக்கொண்டது. காலை எடுத்தேன், நிற்கவில்லை. ஒரு வாரமாக இருந்த தத்தல் இல்லை, திக்கல் இல்லை, நாலும் சேர்ந்து ஒரே சீராக ஓடுகிற சத்தம். பத்து நிமிஷத்தில் குளித்தேன், நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகவில்லை, போகாவிட்டால் போ. புடவை கட்டிக்கொண்டு வந்து திரும்ப ஸ்டார்ட் செய்தேன், முதல் திருப்பிலேயே வந்தது. பானெட்டை மூடி, கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்காரும்போது போன். இந்த முறை அத்தான்தான்.

"கிளம்பிட்டியா மங்கை? வண்டிச் சத்தம் கேக்குது. மிஸ்ஸிங்னியே, சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு அத்தான். ஒண்ணாம் நம்பர்தான் மிஸ் ஆயிட்டிருந்துச்சு."

"நல்லதாப் போச்சு. புனிதா ஸ்ரீரங்கம் தாண்டிட்டாளாம். ரெண்டாவது பிளாட்பாரம்."

வாய் சரி என்று வர ஆரம்பித்தது. ச என்கிற அந்த முதல் எழுத்து நாக்குக்கு வந்துவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி உறுமியது.

"என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லு."

"நான் ஜங்ஷனுக்குப் போகல அத்தான். அவளை ஒரு ஆட்டோ பிடிச்சு நேரா பதிவு ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. சாட்சிக் கையெழுத்துக்கு எனக்கு ஒரு ஆள் குறையுது."

"பதிவு ஆபீசா? என்ன சாட்சி?"

"இன்னிக்குக் கல்யாணம்."

"கல்யாணமா? யாருக்கு?"

மாடியில் ரமணி துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ரெண்டாவதுக்கு, அத்தான்."

அதற்கும் அவர் ஒரு வேடிக்கை சொல்வதற்குள் நான் போனைப் பக்கத்துச் சீட்டில் போட்டுவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டேன்.